மோதலும் இழப்பும்: பொதிகளின் கதை

இரண்டு கணினிகள் ஒரே கம்பியில், ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் இரண்டின் பேச்சும் கெடும். கணினித் துறையினர் இதை மோதல் என்பர். அனுப்பிய செய்தித் துண்டு சேரவேண்டிய இடத்தைச் சேராமல் வழியிலேயே மறைந்துபோனால் அது இழப்பு. இரு சொற்களும் விபத்தையும் சேதத்தையும் நினைவூட்டுகின்றன. ஒரு நல்ல வலைப்பின்னலில் இவை நிகழவே கூடாது என்றுதான் எவரும் முதலில் எண்ணுவர். வரலாறு இதற்கு நேர்மாறானது. மோதலுக்கு இடம் கொடுத்த பிறகே கணினிகள் மலிவாகப் பேசிக்கொள்ள முடிந்தது. இழப்பைப் படிக்கக் கற்ற பிறகே இணையம் குலையாமல் நின்றது. அந்த வரலாற்றை, பொறியியல் பயிலாத வாசகர்களுக்காக, இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியனுக்கு இது தவிர்க்க இயலாத பழக்கம், வாசகர்கள் பொறுத்தருள்க. நீண்ட செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி அனுப்பும் முறை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனாலும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸாலும் தனித்தனியே சிந்திக்கப்பட்டது. அத்துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் டேவிஸ். பிற மொழிகளிலும் சிரமமின்றிப் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்கவேண்டும் என்று மொழியியல் அறிந்தவரைக் கலந்துகொண்டே அவர் அதைத் தேர்ந்தார் என்பர். அவருடைய நல்லெண்ணம் தமிழில் முழுதாக ஈடேறவில்லை. பொட்டலம் என்றால் கடலை மடித்துத் தந்த தாள் நினைவுக்கு வருகிறது. பாக்கெட் என்றால் பால். சிப்பம் என்றும் சிலர் எழுதிப் பார்த்தனர். பொதி என்பதே எனக்கு உகப்பானது. சுமந்து செல்லப்படுவது, வழியில் இறக்கி ஏற்றப்படுவது, சில வேளை தொலைந்தும் போவது ஆகிய எல்லாம் அச்சொல்லில் இருக்கின்றன.

கதையின் தொடக்கம் பசிபிக் கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஓஹூ தீவில், மனோவா என்னும் இடத்தில் இருந்தது. அதனோடு இணைந்த கல்லூரிகளும் ஆய்வகங்களும் பிற தீவுகளில் சிதறிக் கிடந்தன. பெரிய கணினி ஒன்றே. அதைப் பயன்படுத்த வேண்டியவர்களோ கடலுக்கு அப்பால். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை எட்டலாம்தான். ஆனால் அந்தக் கம்பிகளுக்கு வாடகை மிகுதி, தரமும் நம்பத்தக்கதாக இல்லை. மேலும், கணினியின் எதிரே அமர்ந்திருப்பவர் ஒரு வரியைத் தட்டிவிட்டு நெடுநேரம் யோசிப்பார், பிறகு இன்னொரு வரி தட்டுவார். இடையில் உள்ள மௌனத்துக்கும் சேர்த்தே தொலைபேசி நிறுவனத்துக்குப் பணம் கட்டவேண்டும்.

பாஸ்டனில் பிறந்து, கடலலைச் சறுக்கில் பித்துக்கொண்டு ஹவாயில் வந்து குடியேறிய பேராசிரியர் நார்மன் ஏப்ரம்சன், கம்பியை விட்டுவிட்டு வானொலி அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்று எண்ணினார். 1968 செப்டம்பரில் ஆய்வு தொடங்கியது. ஃபிராங்க் குவோ போன்ற சகாக்களும் துணைநின்றனர். அத்திட்டத்துக்கு 'அலோஹா' என்று பெயர் வைத்தனர். ஹவாய் மக்களின் மொழியில் அன்பையும் வாழ்த்தையும் குறிக்கும் சொல் அது.

வானொலி என்றதும் எழும் கேள்வி இதுதான். அலைவரிசை ஒன்று, பேச விரும்புவோர் பலர். யார் எப்போது பேசுவது? வழக்கமான விடைகள் இரண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நேரத்தையோ அலைவரிசைத் துண்டையோ நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். அப்போது, பேசாமல் இருப்பவரின் பங்கு வீணாகும். மௌனத்துக்குப் பணம் கட்டிய பழைய கதையே திரும்ப வரும். அல்லது, பட்டிமன்ற நடுவரைப்போல் ஒருவரை நடுவில் அமர்த்தி, அவர் பெயர் சொல்லி அழைத்தவர் மட்டுமே பேசவேண்டும் என்று விதிக்கலாம். நூறு பேரில் மூவருக்குத்தான் சொல்வதற்கு ஏதேனும் உண்டு என்னும்போது, நடுவர் நூறு பெயரையும் அழைத்து முடிக்கும்வரை அந்த மூவரும் காத்திருக்கவேண்டும்.

ஏப்ரம்சன் இரண்டையும் ஒதுக்கினார். அவருடைய விதி இவ்வளவுதான்: சொல்ல வேண்டியது வந்தவுடன் சொல்லிவிடு. மையக் கணினியிடமிருந்து 'கிடைத்தது' என்ற ஒப்புதல் வந்தால் நல்லது. வராவிட்டால் உன் பொதி வேறொன்றுடன் மோதி அழிந்தது என்று கொள். தோராயமாக ஏதோ ஒரு நேரம் காத்திருந்து, மறுபடி அனுப்பு.

இந்த 'தோராயமாக ஏதோ ஒரு நேரம்' என்பதில்தான் முழு நுட்பமும் அடங்கியுள்ளது. மோதிய இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் சரியாக ஒரே கணத்தில் பேசுவர், மறுபடியும் மோதுவர், காலமெல்லாம் மோதிக்கொண்டே இருப்பர். குறுகிய நடையில் எதிரெதிரே வந்த இருவர், ஒருவருக்கொருவர் வழிவிட எண்ணி இருவரும் வலப்பக்கம் நகர்ந்து, பிறகு இருவரும் இடப்பக்கம் நகர்ந்து திண்டாடுவதை நாம் கண்டிருக்கிறோம். இருவருமே பண்பாளர்கள், இருவருமே ஒரே விதியைப் பின்பற்றுகிறார்கள்; அதனால்தான் திண்டாட்டம். அதை உடைக்க இருவரும் தத்தமக்குள் காசு சுண்டிப் பார்க்கவேண்டும். கணினிக்குள் தற்செயலை வேண்டுமென்றே நுழைத்தது, துல்லியத்தையே தெய்வமாகக் கொண்ட ஒரு துறையில், துணிச்சலான செயல் என்றே கருதுகிறேன்.

1971 ஜூனில் அலோஹா இயங்கத் தொடங்கியது. போகும் வழிக்கு ஓர் அலைவரிசை, வரும் வழிக்கு இன்னொன்று. மையத்தில் இருந்த ஐபிஎம் 360 கணினிக்கும் வானொலிக்கும் இடையே ஒரு சிறு கணினி வாயிற்காவலனாக நின்றது. அதற்கு 'மெனஹுனே' என்று பெயர். ஹவாய்த் தொன்மங்களில் இரவோடிரவாக வேலை முடித்துவிட்டு மறையும் குள்ள மனிதர்களின் பெயர் அது. அமெரிக்க அரசின் ஆர்பாநெட் வலையில் இதே வேலையைச் செய்த கணினியை 'இம்ப்' என்று அழைத்தனர். ஆங்கிலத்தில் அது குட்டிச்சாத்தான் என்றும் பொருள்படும். அச்சிலேடைக்கு ஹவாயிலிருந்து வந்த பதில் சிலேடை மெனஹுனே.

ஒரு பொதியில் 80 எழுத்துகள். அடையாளக் குறிப்பும் பிழை சோதிக்கும் எண்களும் சேர்த்து 704 பிட்டுகள். இப்படி யாரும் யாரையும் கேளாமல் பேசினால் எவ்வளவு பேச்சு உருப்படியாகச் சேரும் என்று ஏப்ரம்சன் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கணக்கிட்டிருந்தார். ஒரு பொதி தப்பவேண்டுமானால், அது செல்லும் நேரத்தில் வேறு எதுவும் புறப்படக்கூடாது. அதற்கு முந்தைய ஒரு பொதிநேரத்திலும் எதுவும் புறப்பட்டிருக்கக்கூடாது, ஏனெனில் அதன் வால் வந்து இதன் தலையில் இடிக்கும். ஆக, ஆபத்துக் காலம் பொதியின் நீளத்தைப்போல் இரு மடங்கு. இதிலிருந்து கிடைக்கும் உச்ச அளவு, அலைவரிசையின் கொள்ளளவில் 18.4 சதவீதம். 1972இல் லாரி ராபர்ட்ஸ் ஒரு திருத்தம் சொன்னார். எல்லோரும் ஒரே கடிகாரத் தட்டில் மட்டுமே தொடங்கலாம் என்று விதித்தால், வாலும் தலையும் இடிக்கும் பாதி மோதல்கள் ஒழியும், உச்ச அளவு 36.8 சதவீதமாக இரட்டிக்கும்.

ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத முறையை ஏன் கொண்டாடவேண்டும் என்று கேட்கலாம். ஒதுக்கீட்டு முறையில் மௌனத்தால் வீணாகும் பங்கோடு ஒப்பிட்டால் இது பெரிய லாபம் என்பது முதல் விடை. புதிதாக ஒருவர் சேரவேண்டுமானால் எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை, ஒரு வானொலிப்பெட்டி இருந்தால் போதும் என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது.

ஏப்ரம்சனைப் பற்றி ஒரு குறும்புக் கதை உண்டு, அவரே எழுதியது. ராபர்ட்ஸ் அப்போது வாஷிங்டனில் ஆர்பாநெட் நிதிக்குப் பொறுப்பாளர். ஒரு சந்திப்பின் நடுவே ராபர்ட்ஸ் வெளியே அழைக்கப்பட்டபோது, அறையின் கரும்பலகையில் எந்தெந்த ஊருக்கு எந்தெந்த நாளில் இம்ப் கருவி போகும் என்ற பட்டியலை ஏப்ரம்சன் கண்டார். சுண்ணக்கட்டியை எடுத்து 'அலோஹா' என்றும் டிசம்பர் 17 என்றும் தாமே எழுதிவிட்டார். பிறகு அதைப் பேச மறந்தும் போனார். இரண்டு வாரம் இருக்கையில் கருவி பொருத்தும் குழுவினர் இடத்தைத் தயார் செய்யும்படி தொலைபேசியில் அழைத்தனர். 1972 டிசம்பர் 17 அன்று கருவி ஹவாய் வந்து சேர்ந்தது. யாரையும் கேளாமல் செய்தியை அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பவர் அவர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது.

*

அலோஹாவில் ஒரு நோய் ஒளிந்திருந்தது. மோதல் மிகுந்தால் மறு அனுப்பல் மிகும். மறு அனுப்பல் மிகுந்தால் மோதல் இன்னும் மிகும். ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால், எல்லோரும் இடைவிடாது பேசிக்கொண்டிருக்க, ஒரு சொல்கூட எவரையும் சேராத நிலை வரும். தண்ணீர் லாரி வந்த தெருவில் எல்லோரும் முண்டியடிக்க, ஒரு குடமும் நிரம்பாமல் தண்ணீரெல்லாம் தரையில் ஓடுவது போன்றது இது. லெனர்ட் க்ளைன்ராக்கும் சைமன் லாமும் 1975 அளவில் இந்த நிலையின்மையை விரிவாக ஆராய்ந்தனர். ஆனால் மருந்தின் முக்கிய மூலப்பொருளைக் கண்டவர் வேறொருவர்.

ராபர்ட் மெட்காஃப் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு 1972இல் ஏற்கப்படாமல் திரும்பியது. கோட்பாட்டுப் பகுதி போதவில்லை என்பது தேர்வாளர்களின் குறை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அவருக்கு வேலை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஆய்வகம் பெரிய மனதுடன், வந்து சேர்ந்து இங்கிருந்தே ஆய்வேட்டை முடியும் என்றது. அந்நாளில் வாஷிங்டனில் நண்பர் ஸ்டீவ் க்ராக்கர் வீட்டில் தங்கிய ஓரிரவு, தூக்கம் வருவதற்காக ஒரு மாநாட்டுத் தொகுப்பைப் புரட்டினார். ஏப்ரம்சனின் கட்டுரை கண்ணில் பட்டது, தூக்கம் போயிற்று.

ஏப்ரம்சனின் கணக்கில், பதில் வந்தாலும் வராவிட்டாலும் மக்கள் அதே வேகத்தில் தட்டிக்கொண்டே இருப்பர் என்ற எளிமைப்படுத்தல் இருந்தது. உண்மையில் எவரும் அப்படிச் செய்வதில்லை. பதில் வராதபோது காத்திருப்பர். இந்த மனித இயல்பைக் கணக்கில் சேர்த்தால் என்னவாகும்? மோதலின் அளவைப் பார்த்து, அதற்கேற்ப மறு அனுப்பலைத் தளர்த்திக்கொள்ளும்படி கருவியையே பழக்கினால்? மெட்காஃப் ஹவாய்க்கே சென்று சில காலம் அலோஹாவை நேரில் ஆராய்ந்தார். அக்கணக்கு சேர்ந்த ஆய்வேட்டை 1973இல் ஹார்வர்ட் ஏற்றுக்கொண்டது. திருப்பியனுப்பப்பட்ட ஆய்வேடுகளின் வரலாற்றை யாரேனும் எழுதினால் இதற்கு ஒரு தனி இயல் ஒதுக்கவேண்டும்.

பாலோ ஆல்டோவில் அப்போது 'ஆல்டோ' என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் மேசைமீதும் ஒன்று வைப்பதாகத் திட்டம். அவற்றை ஒன்றோடொன்றும், புதிய லேசர் அச்சுப்பொறியோடும் இணைக்கவேண்டும். 1973 மே 22 அன்று மெட்காஃப் எழுதிய குறிப்பில் 'ஈதர்நெட்' என்ற பெயர் முதலில் வருகிறது. ஒளி பயணம் செய்ய அண்டமெங்கும் ஈதர் என்னும் ஊடகம் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியல் நம்பியது. 1887இல் மைக்கல்சனும் மார்லியும் நடத்திய சோதனை அந்நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தது. இல்லாது போன அந்த ஊடகத்தின் பெயரை ஒரு செப்புக் கம்பிக்கு வைத்தார் மெட்காஃப். நம் தத்துவ மரபில் ஐம்பூதங்களுள் ஒலியைத் தன் குணமாகக் கொண்டது ஆகாயம். பேச்சைச் சுமக்கும் பொது வெளிக்கு அவர் தேர்ந்த பெயர் நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் காரணமாகலாம்.

அவரோடு இணைந்து பற்றவைப்புக்கோலைக் கையில் பிடித்தவர் டேவிட் பாக்ஸ். இருவரும் அலோஹாவுடன் இரண்டு நற்பழக்கங்களைச் சேர்த்தனர். ஒன்று, பேசுமுன் கேள். கம்பியில் வேறு யாரேனும் பேசிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும்வரை பொறு. இரண்டு, பேசும்போதும் கேள். நீ அனுப்பியதும் கம்பியில் ஓடுவதும் வேறுபட்டால் மோதல் நிகழ்ந்துவிட்டது. உடனே நிறுத்து, முழுப் பொதியையும் அனுப்பி நேரத்தை வீணாக்காதே.

பேசுமுன் கேட்டும் எப்படி மோதல் நிகழும்? மின்குறிகை கம்பியில் பயணம் செய்ய நேரம் பிடிக்கிறது. ஒரு முனையில் ஒருவர் தொடங்கிய பேச்சு மறுமுனைக்கு எட்டுமுன், அங்கிருப்பவர் 'அமைதியாக இருக்கிறதே' என்று தாமும் தொடங்கிவிடுகிறார். இதிலிருந்து விந்தையான ஒரு விதி பிறந்தது: பொதிக்குக் குறைந்தபட்ச நீளம் வேண்டும். மிகச் சிறிய பொதியானால், மோதிய செய்தி திரும்பி வருவதற்குள் அனுப்பியவர் பேசி முடித்து, எல்லாம் நலமே என்று எண்ணிப் போய்விடுவார். பின்னாளில் விநாடிக்கு 1 கோடி பிட் வேகம் நிலைபெற்றபோது இந்தக் குறைந்தபட்ச அளவு 64 பைட்டுகள் என்றும், அதற்கான நேரம் 51.2 மைக்ரோவிநாடி என்றும் வகுத்தனர். கம்பி எவ்வளவு நீளலாம் என்பதும் இதே கணக்கால் முடிவாயிற்று. 'சரி' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்ப விரும்பினாலும் வெற்று எண்களால் நிரப்பி 64 பைட்டாக்கியே அனுப்பவேண்டும். அசை குறைந்த இடத்தில் 'மன்', 'கொல்' என்று இட்டு நிரப்பிய நம் புலவர்களுக்கு இது விளங்கும்.

மோதிய பின் எவ்வளவு காத்திருப்பது என்பதில்தான் மெட்காஃபின் மருந்து வேலை செய்தது. முதல் முறை மோதினால் 0, 1 என்ற இரண்டு எண்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அத்தனை 51.2 மைக்ரோவிநாடிகள் பொறு. இரண்டாம் முறை மோதினால் 0 முதல் 3 வரை, மூன்றாம் முறை 0 முதல் 7 வரை. இப்படி ஒவ்வொரு தோல்விக்கும் எல்லையை இரட்டித்து 1023 வரை போகலாம். 16 முறை முயன்றும் கிட்டாவிட்டால் கைவிட்டு, மேலே உள்ளவரிடம் முறையிடு. தெருவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது, எண்ணிச் சொல்ல ஒரு நடுவரும் இல்லை. தன் தோல்விகளின் எண்ணிக்கையைக் கொண்டே கூட்டத்தின் அளவை ஒவ்வொருவரும் ஊகித்து, அதற்கேற்ப ஒதுங்குகிறார்.

1973 நவம்பர் 11 அன்று முதல் ஈதர்நெட் இயங்கியது, விநாடிக்கு 29.4 லட்சம் பிட் வேகத்தில். 1976 ஜூலையில் இருவரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி அதை எவரும் பின்பற்றத்தக்க பொது வரையறையாக வெளியிட்டன.

இதன் பின்னர் வந்தது ஒரு பிரசாரப் போர். ஐபிஎம் 1985இல் 'டோக்கன் ரிங்' முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் கணினிகள் வளையமாக அமர, ஒரு அனுமதிச் சீட்டு சுற்றிவரும். அது கையில் இருப்பவரே பேசலாம். மோதலே கிடையாது, எவ்வளவு நேரத்தில் முறை வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் தொழிற்சாலைகளுக்கு வகுத்த முறையிலும் இத்தகைய சீட்டுச் சுற்றையே தேர்ந்தது. 'மோதல்' என்ற சொல் ஈதர்நெட்டுக்கு எதிராக நன்றாகவே வேலை செய்தது. நிகழ்ந்ததை மறைக்காமல் பெயரிட்டுச் சொன்னதற்கு அது கொடுத்த விலை என்று இதைக் கொள்ளலாம். 36.8 என்ற அலோஹா எண்ணை எடுத்து ஈதர்நெட்டின் தலையில் ஏற்றி, 37 சதவீதத்துக்குமேல் தாங்காது என்று சொல்வதும் பரவியது. 1988இல் பாக்ஸும் அவருடைய இரு சகாக்களும் உண்மையான கம்பியில் அளந்து ஒரு கட்டுரை எழுதினர். அதன் தலைப்பிலேயே கட்டுக்கதைகளும் உண்மையும் என்ற பொருளுடைய சொற்கள் இருந்தன. பொதிகள் பெரியவையாக இருந்தால் கொள்ளளவின் பெரும்பகுதியும் பயன்படுகிறது என்று காட்டினர்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் டேவிட் ஆல்டஸ் என்ற கணிதவியலார், எண்ணற்ற நிலையங்கள் உண்டு என்று கொண்டால், இந்த இரட்டித்து ஒதுங்கும் முறை எவ்வளவு குறைந்த பேச்சுக்கும் இறுதியில் நிலைகுலையும் என்று நிறுவியிருந்தார். கணிதம் பொய்யன்று. ஆனால் உலகில் எந்தக் கம்பியிலும் எண்ணற்ற கணினிகள் இல்லை. கோட்பாடு சாத்தியமில்லை என்று சொன்ன ஒன்று ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது.

இருப்பினும் ஈதர்நெட்டை முழுவதும் நியாயவானாகச் சித்திரிப்பது மிகையாகும். மோதலில் வென்றவர் தம் பொதியை அனுப்பியவுடன் அவருடைய தோல்விக் கணக்கு பூச்சியமாகிவிடுகிறது. தோற்றவருடைய கணக்கோ ஏறியே நிற்கிறது. அடுத்த மோதலில் முன்னவர் 0, 1 என்று குலுக்க, பின்னவர் 0 முதல் 3 வரை குலுக்கவேண்டும். மறுபடியும் முன்னவரே வெல்லும் வாய்ப்பு அதிகம், பின்னவர் இன்னும் பின்னுக்குப் போவார். கே.கே. ராமகிருஷ்ணனும் ஹென்றி யாங்கும் 1994இல் இந்தக் கைப்பற்றல் விளைவை ஆராய்ந்து மாற்றும் சொன்னார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றே, ஏமாற்றுபவர் எவருமில்லை. ஆயினும் ஒருமுறை தோற்றவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார். தாமாக ஒதுங்குவோரின் பண்பை நம்பி அமைந்த எந்த ஏற்பாட்டையும் பற்றி நினைக்கும்போது எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

*

மோதல் ஒரு கட்டடத்துக்குள் நிகழும் கதை. இழப்பு உலகளாவியது. இணையத்தில் பொதிகள் பல வழிச்சந்திகளைக் கடந்து செல்கின்றன. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கருவி பொதிகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, அடுத்த வழியில் அனுப்புகிறது. வரிசைக்கு அளவு உண்டு. நிரம்பிவிட்டால், புதிதாக வரும் பொதியைக் கருவி எறிந்துவிடும். மன்னிப்போ முன்னறிவிப்போ கிடையாது. தொலைந்ததைக் கண்டறிந்து மறுபடி அனுப்புவது இரு முனைகளில் உள்ள கணினிகளின் பொறுப்பு. அதற்கான விதித்தொகுப்பே டிசிபி.

ஜான் நேகிள் என்ற பொறியாளர் 1984 ஜனவரியில் ஓர் எச்சரிக்கை எழுதினார். நெரிசலால் பொதி தாமதமானால், அனுப்பியவர் அது தொலைந்ததாக எண்ணி இன்னொரு படியை அனுப்புவார். அது நெரிசலைக் கூட்டும். ஒரே செய்தியின் பல படிகள் வழியை அடைத்துக்கொள்ளும். இந்நிலை வந்துவிட்டால் தானாக நீங்காது. அலோஹாவின் பழைய நோய் வேறு உடலில் புகுந்திருந்தது.

1986 அக்டோபரில் அது நேர்ந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கெஜ தூரம். அவ்விரு இடங்களுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட்டாக ஓடிய போக்குவரத்து 40 பிட்டாகச் சுருங்கியது. 40 பிட் என்றால் விநாடிக்கு ஐந்தே எழுத்து. இரண்டாயிரம் எழுத்துள்ள ஒரு பக்கக் கடிதம் போய்ச்சேர ஏறத்தாழ ஏழு நிமிடம். அக்கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் அதற்குமுன் போய்ச் சேர்ந்திருக்கலாம். கம்பி எதுவும் அறுபடவில்லை, கருவி எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொரு கணினியும் தன் கடமையை விடாமுயற்சியோடு செய்ததன் விளைவு அது.

ஆய்வகத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன், மைக்கேல் கரல்ஸுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 1988இல் எழுதிய கட்டுரை இத்துறையின் செவ்விலக்கியம் எனத்தகும். அடிப்படைக் கருத்து எளிது. நல்ல கம்பியில் பொதி சிதைந்து அழிவது மிக அரிது. ஆகவே பொதி தொலைந்தது என்றால் எங்கோ ஒரு வரிசை நிரம்பி வழிகிறது என்று பொருள். யாரும் எழுதி அனுப்பாத செய்தி அது. அதைப் படித்தவர் தம் வேகத்தைக் குறைக்கவேண்டும். தொடக்கத்தில் ஒரே பொதியில் தொடங்கி, ஒப்புதல்கள் வரவரக் கூட்டிக்கொண்டு போகலாம். இழப்பு நேர்ந்தால் வேகத்தைச் சட்டெனக் குறைத்து, பிறகு மெல்ல மெல்ல ஏறவேண்டும். ஏறும்போது நிதானம், இறங்கும்போது விரைவு. மறு அனுப்பலுக்கு முன் காத்திருக்கும் நேரத்தைக் கணிப்பதிலும், சராசரியோடு அதன் ஏற்ற இறக்கத்தையும் அளக்கும்படி திருத்தினர்.

இந்தத் திருத்தம் பெர்க்லி யூனிக்ஸ் வழியாகப் பரவியது. ஏற்கவேண்டும் என்று சட்டம் இயற்ற எவருக்கும் அதிகாரமில்லை. ஏற்காமல் முரட்டுத்தனமாக அனுப்பிக்கொண்டே இருப்பவருக்கு, மற்றவர்கள் ஒதுங்கிய இடமும் சேர்த்துக் கிடைக்கும். இருந்தும் பெரும்பான்மை ஏற்றது. இணையம் பிழைத்ததன் பெருங்காரணம் இது என்பதை அதன் வரலாற்றை எழுதுவோர் போதுமான அழுத்தத்தோடு சொல்வதில்லை என்பது என் குறை.

இழப்பைத் தவிர்க்கப் பிற்காலத்தார் எடுத்த ஒரு முயற்சி சுவையான முறையில் திரும்பி அடித்தது. நினைவகம் மலிவானதும், வரிசைகளை மிக நீளமாக்கினால் பொதி தொலையாதே என்று எண்ணினர். பொதி தொலையவில்லை, ஆனால் நீண்ட வரிசையில் நின்று நின்று தாமதமாக வந்தது. இழப்பு என்ற செய்தி வராததால் அனுப்புவோரும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இந்த நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் சொன்ன மருந்து, வரிசையில் பொதிகள் மிகுநேரம் காத்துக்கிடந்தால் சிலவற்றை வேண்டுமென்றே எறிந்துவிடுவது. கம்பியில்லா வழிகளில் சிக்கல் வேறுவகை. அங்கே பொதி நெரிசலின்றியே சிதையும்; டிசிபி அதையும் நெரிசல் எனப் படித்துத் தேவையின்றி ஒதுங்கும். இழப்பை மட்டும் நம்பாமல் வழியின் வேகத்தையும் பயண நேரத்தையும் அளந்து முடிவெடுக்கும் முறையை 2016இல் கூகுள் குழு வெளியிட்டது. அதிலும் ஜேக்கப்சன் பெயர் இருக்கிறது.

*

கம்பியில் மோதல் இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 1990 வாக்கில் ஒரு சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனம், ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி தந்து நடுவில் பொதிகளைப் பிரித்தனுப்பும் 'சுவிட்ச்' கருவியை ஈதர்நெட்டுக்காக விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பெயர் கல்பனா. இணைநிறுவனர் வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டிருந்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. பின்னர், போகவும் வரவும் தனித்தனி வழி என்றானது. 2002இல் வகுக்கப்பட்ட 1000 கோடி பிட் ஈதர்நெட்டில் மோதலுக்கான விதிகளே விடப்பட்டன. ஈதர்நெட் என்ற பெயர் நிலைத்தது, பொதுவெளி போயிற்று.

கம்பியில்லா வலையில் அது தொடர்கிறது. வானொலிக் கருவி தான் உரக்கப் பேசும்போது பிறருடைய மெல்லிய குரலைக் கேட்பது அரிது. ஆதலால் வை-ஃபையில் மோதலைக் கண்டு நிறுத்துவதற்கு மாறாக, முன்கூட்டியே குலுக்கிப் போட்டுக் காத்திருந்து தவிர்க்க முயல்கிறார்கள். ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாமல், நடுவில் உள்ளவருக்கு மட்டும் இருவர் குரலும் எட்டும் 'மறைந்த முனையம்' என்ற சிக்கலை டோபாகியும் க்ளைன்ராக்கும் 1975லேயே விவரித்திருந்தனர்.

ஏப்ரம்சன் 2020 டிசம்பரில் காலமானார். பாக்ஸ் 2022 பிப்ரவரியில் மறைந்தார். 2022ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது மெட்காஃபுக்குக் கிடைத்தது. அலோஹாவின் முறை இன்னும் ஓரிடத்தில் ஏறத்தாழ அப்படியே வாழ்கிறது. கைபேசியை இயக்கியதும் அது கோபுரத்தைத் தொடர்புகொள்ள அனுப்பும் முதல் குறிகைக்கு எவரும் நேரம் ஒதுக்கித் தந்திருப்பதில்லை. கோபுரத்துக்கு அக்கைபேசி இருப்பதே அதுவரை தெரியாது. பொதுவான நேரத் துண்டு ஒன்றில் அது தன் குறிகையை அனுப்பிப் பார்க்கிறது. பதில் வராவிட்டால், தற்செயலாகத் தேர்ந்த சிறிது நேரம் பொறுத்து, மறுபடி அனுப்புகிறது.